தனிஸ்லாஸின் முதுகுத்தண்டு

இனிமேல் தண்ணீர்க்குடம் தூக்குவதில்லை என்று முடிவு செய்தேன். ஆம்பளை முடிவு! ஆனால் அதை அகஸ்டினாவிடம் சொல்லக் கட்டின புருசனுக்குத் தைரியம் வேண்டாமா? அதனால் எனக்குப் பதிலாக முதுகையே சொல்ல வைத்தேன். முத்தியால்பேட்டைத் தெருக்குழாயடியிலேயே, "ஐயோ, இடுப்பு!" என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் ராஜபோகம்தான். படுத்த இடத்துக்குக் காப்பி வந்தது. மீன் குழம்பில் தலை எனக்கே வந்தது. ஒரு நாள் ரிக்‌ஷாவும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். பெரிய டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வாடிய முகத்தோடு வெளியே வந்தாள்.

"முதுகுத்தண்டுல ஆபரேசனாம். அடுத்த வாரம் அட்மிட்டாம்."

"இன்னாது! கத்தியா?"

"பின்ன, கரண்டியா?"



"அகஸ்டினா, இன்னொரு டாக்டரயும் கேட்டுடலாம். முதுகுத்தண்டாச்சே, வெளையாட்டா?"

"கேளுங்க, யாரு வேணான்னாங்க?"

இன்னொரு டாக்டர், இரும்புக் குண்டு எறிந்து ஆடும் பெத்தாங் ஆட்டத்தில் என் கூட்டாளி நாராயணசாமி முசே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் டாக்டராக இருந்து ரிட்டையரானவர்; அதனால்தான் 'ஐயா'வுக்குப் பதில் 'முசே'. நல்ல மனுஷன், ஆட்டத்தில் ஜெயித்தால் ரொம்ப நல்ல மனுஷன். ஞாயிறு சாயங்காலம் அகஸ்டினா கோயிலுக்குப் போனதும் மைதானத்துக்கு நழுவினேன். வேண்டுமென்றே எல்லா ஆட்டமும் தோற்றேன். எங்கள் கூட்டத்தில் தோற்றவன்தான் இரும்புக் குண்டுகளைப் பொறுக்கித் தர வேண்டும். பொறுக்கினேன், பொறுக்கினேன், இருட்டும்வரை பொறுக்கினேன். முசேவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"ஆபரேசன் வேணாம்னு சொல்லணும், அவ்ளோதான? கூட்டிட்டு வாய்யா."

மறுநாள் போனோம். முசே என் முதுகைத் தட்டி, "ம்ம்" என்றார். அழுத்தி, இன்னொரு "ம்ம்" என்றார்.

"ஆபரேசன் தேவையே இல்லம்மா. ஒரு மாசம் ரெஸ்ட். குடம் கிடம் தூக்கக் கூடாது."

"மாதா காப்பாத்துனா!" என்று அகஸ்டினா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்தேன். அவள் குடத்தைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள்.

"முசே சொன்னது காதுல வுழலையா?"

"வுழுந்துச்சி. நேத்து கோயில்லேர்ந்து வர்றப்ப, நீங்க குனிஞ்சி குனிஞ்சி குண்டு பொறுக்கனது கண்ணுலயும் வுழுந்துச்சி."

விடுவேனா?

"அப்ப ஆபரேசன்னு சொன்ன பெரிய டாக்டரு இன்னா, பைத்தியமா?"

"அவரு எங்க சொன்னாரு? 'உன் வூட்டுக்காரருக்கு ஒண்ணுமே இல்லம்மா'ன்னாரு. ஆபரேசன்னு சொன்னது நானு. சீக்கிரம் போங்க, தண்ணி நின்னுடும்."