ஊதா மருந்து போட்ட ஆடு

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எங்க வீட்டு ஆட்டுக்குக் காயத்துல மருந்து போடணும்.

ஆட்டுப் பேரு பவுனு. குட்டியிலயே தாயாடு செத்துப்போச்சுன்னு அம்மா பாட்டில்ல பால் குடுத்து வளத்தது. வீட்ல என்னைய விட அதுக்குத்தான் மரியாத. முந்தாநாளு முள்ளுக்கம்பி வேலிக்குள்ள நுழைஞ்சு, இடுப்புத் தோலக் கிழிச்சுக்கிட்டு வந்து நின்னுச்சு.

பருத்தி எடுக்கக் கிளம்பும்போது அம்மா சொன்னாவ, "ஏட்டி, மஞ்சளக் கொழச்சுப் பூசி விடு. ஆறுத வரைக்கும் வெளிய விடாத."

எனக்குச் சுர்ருன்னு வந்துட்டு. நான் காலேஜ்ல மைக்ரோபயாலஜி படிக்கேன். "காயத்துல கிருமி குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கும்மா. நீங்க மஞ்சளப் பூசச் சொல்லுதீங்க. ஆன்டிசெப்டிக் போடணும்."

"எதையாவது போடு. ஆடு பத்திரம்."

பஸ் ஏறி விளாத்திகுளம் போனேன். மெடிக்கல்ல இருந்த அண்ணாச்சி கேட்டாரு, "ஆளுக்கா, ஆட்டுக்கா?"

"கிருமிக்கு ஆளு, ஆடுன்னு வித்தியாசம் தெரியுமா அண்ணாச்சி?"

அவரு ஒரு ஊதாக் கலர் மருந்து பாட்டில எடுத்து வச்சாரு. "மொதல்ல காயத்தத் தண்ணி விட்டு நல்லாக் கழுவு. பொறவு பஞ்சுல தொட்டு லேசா வை. நெறைய ஊத்துனா சீக்கிரம் ஆறும்னு நெனைக்காத."

"நான் மைக்ரோபயாலஜி."

"சந்தோசம். லேசா வை."

வீட்டுக்கு வந்தேன். காயத்தக் கழுவுனேன். இது வரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு.

பாட்டில் மூடி திறக்கல. பவுன ரெண்டு முழங்காலுக்கு நடுவுல பிடிச்சிருக்கேன், ஒரு கை கொம்புல, ஒரு கை பாட்டில்ல. மிச்சம் இருக்கது பல்லுதானே. கடிச்சேன்.

திறந்துட்டு. பாதி மருந்து என் வாயில, கையில. மீதிப் பாதி மொத்தமா பவுனு இடுப்புல. அது துள்ளுன துள்ளுல நான் மல்லாக்க விழுந்தேன். அது வாசல் கேட்டத் தாண்டிப் போயிட்டு.

போனா போவுது, எங்க போயிரும், ஊர் ஆடுகளோட மேஞ்சிட்டு வரும்னு நான் வாயக் கழுவப் போனேன். சோப்பு போட்டேன். தேங்கா எண்ண போட்டேன். தேய்க்கத் தேய்க்க ஒதடு பளபளன்னு இன்னும் நல்லா ஊதாவாச்சு.

அப்பத்தான் ஊர் முக்குல ஆட்டு வண்டி ஹார்ன் கேட்டுச்சு.

எங்க பக்கத்துல ஆட்டு ஏவாரி வந்தா, வெல பேசி முடிச்ச ஆட்டுக்கு இடுப்புல சாயத்த ஒரு பூசு பூசிருவாரு. அது அவரு ஆடுன்னு அர்த்தம். டிரைவரு வந்து சாயத்தப் பாப்பாரு, தூக்கி வண்டில போடுவாரு. அவ்வளவுதான். நேத்து ஏவாரி கொண்டாந்த சாயம் என்ன கலருன்னு நான் சொல்லவும் வேணுமா?

செருப்புகூடப் போடாம ஓடுனேன். வண்டிக்குள்ள பத்து மூஞ்சிக்கு நடுவுல எங்க பவுனு மூஞ்சி.

"அண்ணாச்சி, இறக்குங்க. அது எங்க ஆடு."

ஏவாரி எட்டிப் பாத்தாரு. "சாயம் போட்டிருக்கே பாப்பா."

"அது சாயம் இல்ல. ஆன்டிசெப்டிக். அடியில காயம் இருக்கு, பாருங்க."

குனிஞ்சு பாத்தாரு. நானும் பாத்தேன். நான் ஊத்துன ஊத்துக்கு அங்கன காயம் எது, ஆடு எதுன்னே தெரியல.

"சரி, எண்ணிப் பாருங்க. ஒண்ணு கூடுதலா இருக்கும்."

"மூணு ஊர்ல ஏத்திட்டு வாரேன். இதுகள எண்ணணும்னா மொதல்ல அதுக ஒரு எடத்துல நிக்கணும்."

"கண்ட ஆட்டையும் தூக்கிப் போட்டுட்டு எண்ண மாட்டேன்னா, அதுக்குப் பேரு ஏவாரமா? களவாணித்தனம்."

ஏவாரிக்கு மொகம் மாறிட்டு. டிரைவரு மட்டும் என் ஒதட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"அண்ணாச்சி, இதுக்கும் ஊதா இருக்கு. ஏத்தவா?"

சுத்தி நின்ன ஊரே சிரிச்சுது. நான் வாயத் திறந்தேன். பல்லும் ஊதா. இன்னும் சிரிச்சுது.

ஏவாரி சொன்னாரு, "உன் ஆடுன்னா கூப்பிடு. திரும்புதான்னு பாப்போம்."

"பவுனு" ன்னேன். வண்டில இருந்த எல்லா ஆடும் திரும்புச்சு. பவுனு மட்டும் என்னையப் பாத்த ஒடனே அடுத்த ஆட்டு வயித்துக்கு அடியில தலைய விட்டுக்கிடுச்சு.

"உன்னையப் பாத்து ஒளியுதே" ன்னாரு. டிரைவரப் பாத்து, "கிளம்புலே."

வண்டி ஸ்டார்ட் ஆயிட்டு. பவுனு போச்சுன்னா அம்மா என்னையத் திட்டக்கூட மாட்டாவ, சும்மா உக்காந்து அழுவாவ. வேற வழியில்லாம அம்மாவுக்குப் போனப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன்.

"அம்மா, ஒண்ணும் கேக்காதீங்க. பவுனக் கூப்பிடுங்க."

"எதுக்குட்டி?"

"கூப்பிடுங்கம்மா."

"ஏ பவுனு, வாடா கண்ணு, வாடா..."

அவ்வளவுதான். மே...ன்னு ஒரு கத்து. நாலு ஆட்டு முதுகுல மிதிச்சு ஏறி, பலகையத் தாண்டி, நேரா வந்து போன நக்குது.

ஏவாரி இன்ஜின நிறுத்தச் சொன்னாரு. "இது அவிய ஆடுதான்" ன்னாரு. அவியன்னா போன்ல இருக்கவிய. நான் இல்ல. "பாப்பா, இனி வேற கலர் மருந்து போடு."

"நான் ஏன் மாத்தணும்? நீங்க சாயத்த மாத்துங்க" ன்னு ஆரம்பிச்சேன்.

போன்ல இருந்து குரல் வந்துச்சு. "ஏட்டி, அங்கன என்ன வண்டிச் சத்தம்?"

நான் வாய மூடிக்கிட்டேன். பவுனு முன்னால நடந்துச்சு, நான் பின்னால போனேன்.

யாரு யாரப் பத்திரமா வீட்டுக்குக் கூட்டியாந்தாவன்னு ஊருக்கே தெரியும்.