மூன்று போத்தலும் ஒரு மூக்கும்

முகர்ந்து பார்ப்பவர் என்றொரு பிறவி உண்டு. உங்களுக்கும் தெரிந்தவர்தான். பாசாரில் மீனின் செவுளைத் தூக்கி மூக்கை நுழைப்பார், அடுத்தவர் வீட்டுக் குழம்புச் சட்டியைத் திறந்து "உப்பு கம்மி லா" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்வார். முகர்ந்தால் உப்புத் தெரியுமா? அவருக்குத் தெரியும்.

மலேசியாவில் பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டின் பழைய மண்டோர், அதாவது கங்காணி, இராஜமாணிக்கம் அந்தப் பிறவியில் மூத்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில், அங்கே பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து கெண்டை வளர்த்த இரண்டு குளங்களில் ஒன்றில் மீன்கள் வயிறு வீங்கி மிதந்தன. தண்ணீர்க் கோளாறு என்றால் மிச்ச மீனை நல்ல குளத்துக்கு மாற்றிவிடலாம். தொற்றுநோய் என்றால் மாற்றவே கூடாது. இவர் ஒரு கை நீரை அள்ளி முகர்ந்தார்.

"தண்ணிதான்."

மற்றவர்களுக்கு அந்த மூக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. செத்த மீனைக் கொடுத்து, சிரம்பானில் மீன்நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் லாபு எஸ்டேட்டுப் பெண் பஞ்சாலையிடம் அவரையே அனுப்பினார்கள்.

பஞ்சாலை ஒரு கெண்டையின் துடுப்பிலிருந்து எடுத்த உயிரணுக்களை எட்டு மாதமாகப் போத்தலில் வளர்த்து வந்தாள். செதிலும் கிடையாது, முள்ளும் கிடையாது. போத்தலின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு, சிராப் சர்பத்தின் இளஞ்சிவப்பு நிறத்தில் அவள் ஊற்றும் தீனியைக் குடித்துப் பெருகின. அவளிடம் இருந்தவை மூன்றே போத்தல்கள். செத்த மீனை அரைத்து வடிகட்டி, ஒன்றில் சில சொட்டு விட்டாள்; மற்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே வைத்தாள்.

"நாலு நாள் பொறுங்க மாமா. அணுவெல்லாம் வெடிச்சிச் செத்தா, நோய்க்கிருமி. உயிரோட இருந்தா தண்ணிக் கோளாறு. மூடிய மட்டும் தொறக்கக் கூடாது, காத்துப் பட்டாலே போச்சு."

"சரிம்மா."

மூன்றாம் நாளே பஸ் ஏறி வந்துவிட்டார். பஞ்சாலை போத்தல்களை மேசையில் எடுத்துவைத்த நேரம் தொலைபேசி அழைத்தது; பக்கத்து அறைக்குப் போனாள். மீனே இல்லாத மீனை மூக்கு வைக்காமல் எப்படி நம்புவது? மூடியைத் திறந்தார். ஒன்றை மட்டும் முகர்ந்து தீர்ப்புச் சொல்வது அநியாயம் அல்லவா? மூன்றையும் முகர்ந்தார். கடைசியில் தும்மலும் வந்தது.

"ஐயோ மாமா! என்ன செஞ்சீங்க?"

"மோந்துதாம்மா பாத்தேன். நாத்தமே இல்ல லா. எல்லாம் உயிரோடதான் இருக்கு."

மறுநாள் மூன்று போத்தலும் மஞ்சளாகிக் கலங்கிவிட்டன. கொன்றது நோயா, தும்மலா? இனி யாராலும் சொல்ல முடியாது. பஞ்சாலை மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீனை மாற்ற வேண்டாம் என்று எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டாள். எங்கே? ஊர் திரும்பிய மாலையே, போத்தலில் எல்லாம் உயிரோடுதான் இருக்கிறது என்று சொல்லி, வலை போட்டு எல்லாவற்றையும் நல்ல குளத்துக்கு மாற்றியிருந்தார் பெரியவர்.

பத்தே நாளில் அந்தக் குளமும் வெள்ளை வயிறாக மிதந்தது. மகள் கல்யாணத்துக்கு அந்த மீனையே நம்பியிருந்த தாயம்மா கரையில் நின்று கேட்டாள்: "அண்ணே, இப்ப என்னண்ணே சொல்றீங்க?"

இராஜமாணிக்கம் குனிந்து ஒரு கெண்டையை எடுத்தார். செவுளைத் தூக்கினார். மூக்கை வைத்தார்.

"நான் அப்பவே நெனச்சேன். நோய்தான் லா."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்தப் புத்தகத்தைக் கடையில் எடுத்ததும் நடுவில் பிரித்து, ஒரு வரி படிக்குமுன்னே மூக்கருகே கொண்டுபோனது யார்?