கடைசி வாங்கு டீச்சர்

இந்த நாட்டில் ஒன்பதாம் வகுப்பை அதிகத் தடவை படித்த ஆள் யார் என்று ஒரு போட்டி வைத்தால், கடைசி வாங்கு டீச்சர் பக்கத்தில்கூட எவரும் நெருங்க முடியாது. பட்டம் வாங்கி, பயிற்சி முடித்து, தலை பாதி நரைத்த பிறகு எங்கள் பாடசாலைக்கு வந்து அவர் ஒன்பதாம் வகுப்பைத் திரும்பத் திரும்பப் படித்தார். வரலாறு படித்தார், விஞ்ஞானம் படித்தார், சித்திரமும் நடனமும் படித்தார். எதிலும் தேறியதாகத் தெரியவில்லை. அவ்வளவு மோசமான மாணவியை நான் என் உத்தியோகத்தில் பார்த்ததில்லை.

வீட்டில் வைத்த பெயர் அவருக்கு வேறு. ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே பிள்ளைகள், ஆசிரியர்கள், வாசலில் அன்னாசி வெட்டி விற்கிறவர் வரை எல்லோருக்கும் அவர் கடைசி வாங்கு டீச்சர் ஆகிவிட்டார். வாங்கு என்றால் எங்கள் பக்கத்தில் பெஞ்சு. அவரே தொலைபேசியை எடுத்து, "நான் கடைசி வாங்கு டீச்சர் பேசுறேன்" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

கண்டியை விட்டு ஹந்தானைப் பக்கம் ஏறுகிற சரிவில் இருக்கிறது எங்கள் பெண்கள் பாடசாலை. மேலே தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, இறங்கி வருகிற பிள்ளைகள் சப்பாத்தில் சேற்றோடு வருவார்கள். நகரத்திலிருந்து ஏறி வருகிறவர்கள் மூச்சிரைக்க வருவார்கள். நான் அங்கே வரலாறு படிப்பிக்கிறேன். டீச்சர் புசல்லாவையில் ஒரு தோட்டப் பாடசாலையிலிருந்து மாற்றலாகி, கணக்குப் படிப்பிக்கவும் மேல்வகுப்புகளுக்குப் பொறுப்பாக இருக்கவும் வந்தார்.

வந்த அன்றே ஆசிரியர் கூட்டம். ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் போடலாமா என்பதுதான் அன்றைய பேச்சு. அப்படிப் பிரித்தால் மற்றவர்களாவது வேகமாகப் படிக்கலாம் என்பது பலருடைய எண்ணம். பின்னால் அறைக்குப் போகப்போகிறவர்களில் பெரும்பாலானோர் சேற்றுச் சப்பாத்துக்காரர்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அறைக்குப் போன பிள்ளை அதற்கப்புறம் எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்றில் துணிக்கடை, இல்லாவிட்டால் கொழும்பில் யாருடைய வீட்டுச் சமையலறையோ.

பாடசாலையை நடத்துகிற எங்கள் அதிபர் அம்மா தங்கமானவர். சண்டை வராதிருக்க வேண்டும் என்பதற்காக எவர் எது சொன்னாலும் சரி என்பார். இதற்கும் சரி என்று சொல்லப்போகிற நேரத்தில், புதிதாக வந்தவர் கையை உயர்த்தினார். பிள்ளை மாதிரி, முழங்கை மேசையில் படாமல், நேராக.

"அந்தப் பிள்ளைங்களுக்கு எது விளங்கலன்னு யாருக்காவது தெரியுங்களா?"

எதுவுமே விளங்கவில்லை என்றார் ஒருவர். எந்த இடத்திலிருந்து விளங்காமல் போகிறது என்று பார்த்தாகிவிட்டதா என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்கு ஒரு தவணை, மூன்று மாதம், கொடுங்கள், போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றார். அதிபர் அம்மா அதற்கும் சரி என்றார்.

உட்கார்ந்து பார்ப்பது என்றால், கதிரை போட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கி, மேற்பார்வைக்கு வருகிறவர்கள் மாதிரி என்றுதான் நாங்கள் நினைத்தோம். மறுநாள் காலையில் டீச்சர் முதுகில் புத்தகப் பையும் கழுத்தில் தண்ணீர்ப் போத்தலுமாக வரிசையில் நின்று, பிள்ளைகளோடு பிள்ளையாக வகுப்புக்குள் வந்தார். எங்களிடம் இன்னும் அந்தக் காலத்து நீட்டு வாங்குகள்தான். டீச்சருக்குத் தாராளமான உடம்பு. கடைசி வாங்கில் அவர் ஒரு முனையில் உட்கார்ந்ததும் மறுமுனையில் இருந்த பவானி என்ற பிள்ளை அரையடி மேலே போய்விட்டாள். அந்தத் தவணை முழுவதும் கரும்பலகையை அவள் அந்த உயரத்திலிருந்துதான் பார்த்தாள்.

முதல் பாடம் என்னுடையது. கண்டி ஒப்பந்தம், பிரதானிகள் ராஜாவைக் கைவிட்டு நாட்டை வெள்ளைக்காரனுக்கு எழுதிக்கொடுத்த கதை. டீச்சர் கொப்பியைத் திறந்தார், தலைப்பு எழுதினார், அடிக்கோடு போட்டார். பிறகு தூங்கிவிட்டார். ஒப்புக்காகக் கண்ணை மூடவில்லை. வாயைத் திறந்து, குறட்டையோடு, நேர்மையாகத் தூங்கினார்.

மணி அடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கையெழுத்து வைக்கிற வரைக்கும் ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர். அதுக்கப்புறம் நிபந்தனையெல்லாம் ஒண்ணொண்ணா எழுதிப் போட்டீங்க பாருங்க, அங்கதான் நான் போயிட்டேன். எனக்கு முன்னாடியே பக்கத்துல ரெண்டு பேரு போயிட்டாங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்குச் சொல்லவேண்டிய பதில்களைப் பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். வீடு வந்து சேர்வதற்குள் பதில் தீர்ந்து, அந்த நிபந்தனைகள் மட்டும் மிச்சம் இருந்தன. எனக்கே அவை தூக்கத்தை வரவழைத்தன. அடுத்த கிழமை அதே பாடத்தை வேறு மாதிரி எடுத்தேன். பிள்ளைகளைப் பிரதானிகளாக நிறுத்தி, ராஜாவுக்கு எதிராக நீங்களாக இருந்தால் கையெழுத்து வைப்பீர்களா என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிளந்தது. டீச்சர் கடைசி வரை கையெழுத்து வைக்க மாட்டேன் என்று நின்றார். அவரைச் சம்மதிக்க வைக்கப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் அதிபர் அம்மா ஓடிவந்து, இரண்டு பக்கத்துக்கும் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர். யாழ்ப்பாணத்தவர். பிசிறில்லாத குரல், அவர் பாடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று அவர் சொல்லி முடித்ததும் டீச்சர் கையை உயர்த்தி, விளங்கவில்லை என்றார். சேர் புன்னகையோடு மறுபடி சொன்னார். இன்னும் விளங்கவில்லை. மூன்றாம் தடவை புன்னகை இல்லாமல் சொன்னார். டீச்சர் வருத்தத்தோடு தலையாட்டினார். அந்த நேரம்தான் வாங்கின் மறுமுனையில், அரையடி உயரத்திலிருந்து, பவானியின் கை மெதுவாக எழுந்தது. தனக்கும் விளங்கவில்லை என்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. மணி அடிக்கும்போது பாதி வகுப்பின் கை மேலே இருந்தது.

சேர் ஆசிரியர் அறைக்கு வந்து தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இவ்வளவு காலமாப் படிப்பிக்கிறன். ஒரு பிள்ளையும் விளங்கேல்லை எண்டு சொன்னதில்லை. இவ வந்து எல்லாருக்கும் அதைப் பழக்கிப்போட்டா."

இப்படியே டீச்சர் ஒவ்வொரு பாடமாகப் போனார். சித்திரப் பாடத்தில் அவர் வரைந்த பூச்சாடியைச் சித்திர டீச்சர் கோழி என்று நினைத்துப் பாராட்டிவிட்டார். நடன வகுப்பில் பின்வரிசையில் நின்று தட்டடவு போட்டார். பக்கத்து அறையில் அலுமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் தனக்கு எந்த இடத்தில் விட்டுப்போனது என்று அந்தந்த ஆசிரியரிடம் தனியாகச் சொல்வார். வேறு யாரிடமும் சொல்லமாட்டார். ஆனாலும் அது ஆசிரியர்களுக்குப் பொறுக்கவில்லை.

தவணை நடுவில் நாங்கள் திரண்டு அதிபர் அம்மாவிடம் போனோம். தலைமை, விஞ்ஞான சேர். இது பாடசாலையா, நாடகக் கொட்டகையா என்று கேட்டோம். அதிபர் அம்மா நாங்கள் சொல்வது சரி என்றார். பிறகு டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார். டீச்சரும் நாங்கள் சொல்வது சரி என்றார். நான் இவர்கள் பாடத்துக்குப் போகிறேன், இவர்கள் யாரும் என் பாடத்துக்கு வருவதில்லை, அது நியாயமில்லைதான், நாளைக்கே எல்லோரும் வரட்டும் என்றார்.

அடுத்த நாள் பாடம் இல்லாதவர்கள் எல்லோரும் போனோம். பாடம் இருந்தவர்களில் சிலரும் வந்தார்கள். கடைசி வாங்கு முழுக்க ஆசிரியர்கள். எங்கள் நோக்கம் நல்ல நோக்கம் என்று சொல்லமுடியாது.

கழித்தல் குறி போட்ட மறை எண்ணை இன்னொரு மறை எண்ணால் பெருக்கினால் நேர் எண் வரும் என்பது அன்றைய பாடம். டீச்சர் விதியைக் கரும்பலகையில் எழுதியதுமே விஞ்ஞான சேரின் கை எழுந்தது. ஏன் அப்படி வருகிறது என்று அவருக்கு விளங்கவில்லையாம். எதிரிக்கு எதிரி நண்பன், அந்த மாதிரித்தான் என்றார் டீச்சர்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தது. "எங்க லயத்துல அப்படி இல்லீங்க டீச்சர். எதிரிக்கு எதிரியும் எங்களுக்கு எதிரிதான்."

டீச்சர் அதை விட்டுவிட்டு ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்தார். கண்டியிலிருந்து புசல்லாவைக்குப் போகவேண்டிய பஸ் பின்பக்கமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டோம். அது எந்தப் பக்கம் முகம் பார்த்து ஓடுகிறது என்று சித்திர டீச்சர் கேட்டார். டீச்சர் படம் வரைந்தார். நடத்துனர் எங்கே நிற்கிறார் என்று ஒரு பிள்ளை கேட்டது. அதையும் வரைந்தார். கொஞ்ச நேரத்தில் பஸ் எங்கே போகிறது என்று டீச்சருக்கே தெரியவில்லை. வெண்கட்டியால் அம்புக்குறி போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். நாங்கள் எதற்காக வந்தோமோ அது நடந்துவிட்டது. ஆனால் எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் வெளியே போனார்கள். டீச்சர் கையைத் தட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் இருந்த வாங்கில் வந்து உட்கார்ந்தார். வாங்கு முனகியது.

"இன்னைக்குப் பாடம் சரியா வரல. எங்க பிழைச்சுதுன்னு சொல்லுங்க. நாளைக்கு இதே பிள்ளைங்களுக்கு இதையே திரும்ப எடுக்கணும்."

விஞ்ஞான சேர் கரும்பலகையைக் காட்டினார்.

"விதியை முதல் எழுதிப்போட்டியள். காரணத்தைப் பிறகு தேடினியள். அதுதான் பிழைச்சது, டீச்சர்." பிறகு சொன்னார்: "நானும் அப்பிடித்தான் செய்யிறனான்."

அதன் பிறகு பேச்சு எப்படியோ ஓடத் தொடங்கியது. நான் ஒன்று சொன்னேன். அது சரிவராது என்றார்கள். சேர் காந்தத்தை வைத்து ஒன்று சொன்னார், அதுவும் சரிவரவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோருடைய தேநீரும் ஆறிப்போனது. எங்களில் ஆக இளையவரான நடன டீச்சர் தயங்கித் தயங்கி எழுந்தார். திரும்பி நின்று பின்பக்கமாக நடந்தால் எந்தப் பக்கம் போவோம் என்று கேட்டு, சொல்லிக்கொண்டே நடந்து காட்டினார். இதுதான் என்று சேர் பாதியில் எழுந்து நின்றுவிட்டார்.

மறுநாள் வலைப்பந்துத் திடலில் ஒரு நீண்ட கோடு. நடுவில் பூச்சியம். மலைப்பக்கம் நேர், நகரத்துப் பக்கம் மறை. இது நேற்றுப் படித்த பாடம்தானே என்று பிள்ளைகள் கேட்டார்கள். நேற்று நான் சரியாகச் சொல்லித்தரவில்லை, அதனால் இன்றைக்கு நானும் திரும்பப் படிக்க வந்திருக்கிறேன் என்றார் டீச்சர். ஓர் ஆசிரியர் பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

விதி எதுவும் சொல்லவில்லை. முதல் எண் மறை என்றால் நகரத்தைப் பார்த்து நில். இரண்டாவது எண் மறை என்றால் பின்பக்கமாகப் போ. அவ்வளவுதான். மறை மூன்றை மறை இரண்டால் பெருக்கப் பவானி போனாள். பூச்சியத்தில் நின்று நகரத்தைப் பார்த்தாள். மும்மூன்று கட்டமாக இரண்டு தடவை பின்னால் அடி வைத்தாள். நின்று, குனிந்து கோட்டைப் பார்த்தாள்.

"டீச்சர், நான் மலைப்பக்கம் வந்துட்டேன்." பிறகு, தனக்குத் தானே சொல்வது போல, "அதனாலதான் நேர் வருதா?" என்றாள்.

முதலில் கைதட்டியது விஞ்ஞான சேர். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. தவணைப் பரீட்சையில் சிலர் கோட்டைவிட்டார்கள். ஆனால் வெற்றுத்தாள் கொடுத்தவர்கள் குறைந்துவிட்டார்கள், எழுதி, பிழைவிட்டிருந்தார்கள். பிழை எங்கே என்று இப்போது எங்களுக்குப் பார்க்கத் தெரிந்தது. பின்னால் அறைப் பேச்சை அடுத்த கூட்டத்தில் ஒருவர் எடுத்தபோது, வேண்டாம் என்று முதலில் சொன்னவர் விஞ்ஞான சேர். அதிபர் அம்மா சரி என்றார். அந்த அறையில் இப்போது வலைப்பந்துகள் இருக்கின்றன. பவானி இப்போது மேல்வகுப்பில், உயர்தரத்தில், வர்த்தகம் படிக்கிறாள். கேள்வி கேட்டுக் கேட்டே ஆசிரியர்களைக் களைக்க வைக்கிறாள் என்று முறைப்பாடு வந்திருக்கிறது.

மாதம் ஒரு மாலை நாங்கள் உட்கார்ந்து சரிவராத பாடங்களைப் பேசுகிறோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒருவர் பாடத்துக்கு இன்னொருவர் போகிறோம். என் வகுப்புக்கு வந்த சேர் இதுவரை தூங்கவில்லை. ஒரு தடவை கொட்டாவி விட்டார், அதற்கு மன்னிப்பும் கேட்டார்.

வருடா வருடம் அந்தக் கடைசி வாங்குக்குத் திரும்பிய டீச்சர் போன வருடம் ஓய்வு பெற்று வத்தேகமையில் தங்கை வீட்டோடு இருக்கிறார். போன மாதம் அங்கே ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது சந்தைக்குப் பக்கத்தில் கண்டேன். கையில் பலாக்கொட்டைப் பை, தோளில் புதிதாக ஓர் அளவு நாடா. தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாராம். சொல்லிக்கொடுப்பது சின்னப் பிள்ளையாம். "நல்லா வெட்டுறா. ஆனா ஏன் அப்படி வெட்டணும்னு கேட்டா அழுற மாதிரி ஆயிடுறா, பாவம்" என்றார். அந்தப் பிள்ளைக்காக நான் மனதுக்குள் கொஞ்சம் பிரார்த்தித்துக்கொண்டேன்.

கண்டி பஸ் வந்து நின்றது. நேரமாகிறது, ஏறுங்கள் என்றார் டீச்சர். நான் ஒரு காலை மிதிபலகையில் வைத்த பிறகு, அவர் தான் தைத்த ஒரு ரவிக்கையின் கை எப்படிப் பிழையாகிப்போனது என்று சொல்லத் தொடங்கிவிட்டார். நடத்துனர் மணியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் காலைக் கீழே எடுத்தேன். அந்தப் பஸ்ஸையும் விட்டேன், அதற்கு அடுத்த பஸ்ஸையும் விட்டேன்.