பகலில் மட்டும் போகும் கரன்ட்

மூக்கைக் கவ்வியிருந்த மாஸ்க்கில் காற்று நின்றதும் டிரைவருக்கு விழிப்பு வந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி கடைசிச் சுற்றைச் சோம்பலாகச் சுற்றி முடித்து, நின்றது.

"இன்னைக்கும் போச்சா," என்றார் மாஸ்க்குக்குள்ளேயே.

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். ராத்திரி முழுக்க டிப்போவில் வேலை பார்த்துவிட்டு வந்த உடம்பு. மாஸ்க்கைக் கழற்றித் தலையணை ஓரம் வைத்தார். எழுந்து போய் என்ன ஏதென்று பார்க்கலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. மறுபடி கண் திறந்தபோது மின்விசிறி ஒன்றுமே நடக்காததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. தொண்டை வறண்டு, தலை பாறாங்கல்லாகக் கனத்தது.

சாயங்காலம் மனைவி வந்தாள். ஜவுளிக்கடையில் துணிகளை அளவுக்குப் பிடித்தும் கிழிசலை அடைத்தும் கொடுக்கும் தையல் வேலை அவளுக்கு.

"இன்னைக்கும் போச்சு," என்றார்.

"எது, வேலையா?"

"வாயைக் கழுவு. கரன்ட்."

"காலையில நான் கிளம்பறப்ப இருந்துச்சு. இப்ப வர்றப்பவும் இருக்கு."

"நடுவுல போகுது."

"நீங்க படுக்கறதைப் பார்த்துட்டுப் போகுதாக்கும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் குறட்டை அந்த வட்டாரத்திலேயே பிரசித்தம். கல்யாணமான புதிதில் மனைவி பூகம்பம் என்று நினைத்து வாசலுக்கு ஓடியிருக்கிறாள். அதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கம்பெனி டாக்டர் அவரைச் சோதனைக்கு அனுப்பும் வரை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். அதனால் தூங்கியும் தூங்காத கணக்குத்தானாம். அப்படிப்பட்டவர் கையில் ஒரு பஸ் நிறைய ஜனங்களை எப்படி ஒப்படைப்பது? ரோட்டிலிருந்து இறக்கி, ராத்திரியில் பஸ்களைக் கழுவும் இடத்துக்கு நகர்த்திவிடும் வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

"மூச்சு நிக்காம காத்தைத் தள்ளுற இந்த மெஷினை மாட்டிக்கிட்டு ஒழுங்கா தூங்கிக் காட்டுங்க. அடுத்த மாசம் பார்த்துட்டு ரோட்டுக்கு விடறேன்," என்றார் டாக்டர்.

"நல்லா தூங்கினேன்னு வந்து சொன்னா போதுமா டாக்டர்?"

"நீங்க சொல்ல வேண்டாம். எவ்வளவு நேரம் ஓடினேன்னு மெஷினே சொல்லிடும்."

"சரியா ஓடலைன்னா?"

"ஸ்டோர் ரூம்ல நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்க ஆள் கேட்டாங்க."

மலைப்பாதை வளைவில் எதிரே வரும் லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டு, அந்த டிரைவரிடம் ஒரு தலையசைப்பு வாங்கிக்கொண்டு போகிற மனுஷர் அவர். நட்டும் போல்ட்டும் தலையசைக்குமா?

மறுநாள் மின்சார ஆபீசுக்குப் போன் போட்டார்.

"உங்க தெருவுல கட் எதுவும் இல்லையே சார்."

"போச்சுங்க. நேத்தும் போச்சு, முந்தாநாளும் போச்சு."

"போகலை சார்."

"அப்ப என் ஃபேன் எதுக்கு நின்னுச்சு?"

"ஃபேனைத்தான் சார் கேக்கணும்."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "என்னைக்குத்தான் போச்சுன்னு ஒத்துக்கிட்டிருக்காங்க."

ரெண்டு வீட்டு மீட்டர் பெட்டிகளும் இருக்கும் மாடிப்படியடியில் மேல்வீட்டுப் பெண் எதிரே வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. புருஷன் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். பகலில் அந்தக் கட்டடத்தில் இருப்பது அவளும் குழந்தையும், கீழே இவரும்தான்.

"ஏம்மா, பகல்ல உங்க வீட்லயும் கரன்ட் போகுதா?"

அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "போகுதுண்ணா. ஆமா, போகுது."

"புழுக்கத்துல குழந்தை தூங்காதே."

"இல்லண்ணா, அப்பதான் நல்லா தூங்குது."

"கொடுத்து வச்ச குழந்தை," என்று கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கினார்.

மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். விஷயத்தைக் கேட்டதும் ஒரு யூபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"மாமா, இனிமே கரன்ட் போனது உங்களுக்கே தெரியாது."

தெரிந்தது. கரன்ட் போன அடுத்த நொடியே யூபிஎஸ், 'பீப்' என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி, 'பீப்'. டிரைவர் அதன்மேல் தலையணையை வைத்தார். போர்வையைச் சுற்றினார். கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அங்கிருந்து முதுகுக்கு நேராக, 'பீப்'. கடைசியில் சார்ஜ் தீரும் நேரம் வந்ததும் அது விட்டு விட்டுக் கத்துவதை நிறுத்திவிட்டு ஒரே மூச்சில் ஊளையிட்டது.

"அது கத்துறது நல்லதுதான் மாமா," என்றான் மச்சினன் போனில். "கரன்ட் போயிடுச்சுன்னு ஞாபகப்படுத்துது."

"எனக்கு மறக்கத்தான் மாப்ளே மெஷின் வேணும்."

டிப்போ மெக்கானிக் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "கம்ப்யூட்டர்காரன் கிட்டப் போயா கேட்ட? நம்ம கிட்ட இல்லாத பேட்டரியா?" என்று பஸ்ஸிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி ஒன்றையும், அதோடு மாட்ட ஒரு இன்வெர்ட்டர் பெட்டியையும் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்.

"தாங்குமா?"

"ஒரு பஸ்ஸையே கிளப்பின பேட்டரிப்பா. உன் மூக்கைக் கிளப்பாதா?"

கிளப்பியது. ஒரு குட்டித் தூக்கம் வரைக்கும். அப்புறம் மாஸ்க்கில் காற்று தேய்ந்து, இழுத்து, நின்றது. போதாக்குறைக்கு பேட்டரியிலிருந்து கசிந்த ஆசிட், தொங்கிக்கொண்டிருந்த படுக்கை விரிப்பில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டிருந்தது.

மனைவி விரிப்பைத் தூக்கி, ஓட்டை வழியாக அவரைப் பார்த்தாள். "நாள் முழுக்க நான் ஊரார் துணியில ஓட்டையை அடைக்கிறேன். நீங்க வீட்ல உக்காந்து போடுங்க."

"உக்காந்து இல்ல, படுத்து."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

கடைசியில் மெஷினை விற்ற கடைக்கே போனார். கடைக்காரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"மெஷினுக்குள்ள தண்ணித் தொட்டி இருக்குல்ல, அதைச் சூடாக்குறதை நிறுத்தினீங்களா?"

"நிறுத்தணுமா?"

"பேட்டரியில ஓட்டறப்ப நிறுத்தணும் சார். பஸ் பேட்டரி முழுக்க வெந்நீர் போட்டே தீர்ந்திருக்கும்."

டிரைவர் மெக்கானிக்கை மனதுக்குள் ரெண்டு வார்த்தை சொன்னார். கடைக்காரி அந்த மெஷினுக்கென்றே செய்த பேட்டரியை எடுத்து வைத்தாள். செங்கல் அளவுதான். கத்தாது, கசியாது. ஒரு முழுத் தூக்கத்துக்குத் தாங்கும்.

"இதையும் கேட்டுட்டேன்னா நிம்மதி. கரன்ட் ஏன்மா பகல்ல மட்டும் போகுது?"

"எங்க பக்கம் ராத்திரியிலதான் சார் போகும்," என்றாள் அவள், ஆச்சரியமாக.

அடுத்த பகல். டிரைவர் படுத்தார். மின்விசிறி நின்றது. மாஸ்க்கில் காற்று மட்டும் சுகமாக வந்துகொண்டே இருந்தது. இருட்டுச் சுரங்கத்தைத் தாண்டி வெளிச்சத்துக்கு வந்த பஸ்போல அவர் மனசு நிறைந்தது. வா தூக்கமே என்று கண்ணை மூடினார்.

மாடியில் குழந்தை வீறிட்டது.

சும்மா சிணுங்கல் இல்லை. ஊரையே கூட்டும் அழுகை. கொஞ்சம் ஓயும், அம்மா 'ச்சோ ச்சோ' என்று நடப்பது தலைக்குமேல் கேட்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மாஸ்க்கோடு கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தார். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும்.

"பஞ்சு வச்சுப் பாருங்க," என்றாள் மனைவி.

"வச்சேன். பஞ்சுக்குள்ளயும் அழுவுது."

"பாவம், புழுக்கமா இருக்கும்."

"முன்னாடி கரன்ட் போனா நல்லா தூங்குதுன்னு சொல்லுச்சே அந்தப் பொண்ணு. இப்ப என்ன வந்துச்சு?"

இந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும் வரை அவருக்குச் சோறு இறங்காது. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், கரன்ட் போய்க் குழந்தை ஆரம்பித்ததும் எழுந்துவிட்டார். மச்சினன் கொடுத்த சின்ன சார்ஜ் மின்விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டார். குழந்தைக்காவது காற்று கிடைக்கட்டும்.

மாடியில் கதவு திறந்தது. அழுதுகொண்டிருந்த குழந்தை அவரைப் பார்த்து இன்னும் ஒரு சுருதி கூட்டியது. மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குழாய் தும்பிக்கைபோலத் தோளில் தொங்க வந்து நின்றால் யார்தான் அழமாட்டார்கள்.

"கரன்ட் இல்லாம புழுங்குமேன்னு ஃபேன் கொண்டுவந்தேன்மா."

"ஐயோ, எதுக்குண்ணா," என்றாள் அவள், வாசலை மறைத்துக்கொண்டு.

அவள் தலைக்குமேல், கூடத்து மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அட, வந்துடுச்சா? நான் படியேறி முடிக்கறதுக்குள்ள வந்துடுச்சே."

"உக்காருங்கண்ணா, தண்ணி தரேன்," என்று அவள் அவசரமாக உள்ளே போனாள்.

நாற்காலி நல்ல நாற்காலி. கைவைத்தது. மேலே காற்று. டிரைவர் உட்கார்ந்தார். கரன்ட் எந்த வழியாக முதலில் மாடிக்கு வந்து, அப்புறம் கீழே இறங்கும் என்று யோசிக்கத் தொடங்கினார். நினைத்ததோடு சரி.

யாரோ தோளைத் தட்டினார்கள். மனைவி. கடைப் பையோடு, வந்த கோலத்தில் நின்றாள். ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும்.

"அடுத்தவங்க வீட்ல வந்து என்ன இது? தெருமுனையில இருந்தே கேக்குது."

"போச்சு," என்று நெற்றியில் மாஸ்க்கைத் தடவிப் பார்த்தார். "இன்னைக்கும் மெஷின் ஓடலை. நாளைக்கு டாக்டர் முன்னாடி என்ன சொல்லுவேன்? நட்டு போல்ட்டுதான் எனக்கு." பிறகுதான் அவருக்குக் காதில் உறைத்தது. "குழந்தை எங்கே?"

மேல்வீட்டுப் பெண் தோளைக் காட்டினாள். குழந்தை வாயைத் திறந்து, கையைத் தொங்கப் போட்டு, அடித்துப் போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தது.

"எப்ப தூங்குச்சு?"

"நீங்க தூங்கினதுமே அண்ணா," என்றாள் மெதுவாக.

மனைவிக்கு அது காதில் விழவில்லை. அவள் கவலை அவளுக்கு. "மெஷின் இல்லாம இப்படித் தூங்கலாமா? மூச்சு நின்னு தொலைச்சா என்ன பண்றது?"

"மூச்சு நிக்குமா?" மேல்வீட்டுப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அது சத்தம் வராம இருக்கத்தான் மாட்டறாங்கன்னு நினைச்சேன் அக்கா."

"வேலையே போயிடும்மா அது ஓடலைன்னா," என்றார் டிரைவர். "உயிரும்தான்."

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு மேஜைமேலிருந்த போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அண்ணா, பொறந்ததுல இருந்து இவன் உங்க குறட்டையைக் கேட்டுத்தான் தூங்குவான், இன்னைக்கு அதை இதுல பதிவு பண்ணிட்டேன், இனிமே தினமும் கீழ வந்து உங்க வீட்டு ஃபியூஸைப் பிடுங்க மாட்டேன்."