காலில் மாட்டிய கடல்

கப்பல் உடையும் கதைகளில் பெண்ணுக்கு இரண்டே வேலைதான். கப்பல் முழுகும்போது மயக்கம் போட வேண்டும். கரை ஒதுங்கியதும் கஞ்சி காய்ச்ச வேண்டும். நடுவில் பொழுது போகாவிட்டால் அழலாம். (அந்தத் தீவில் பானை ஏது, அரிசி ஏது என்று எந்தக் கதைக்காரரும் யோசித்ததில்லை. அவர் வீட்டில் கஞ்சி தானாக வந்திருக்கும்.)

நான் பிறந்ததிலிருந்து மயக்கம் போட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை போட்டே ஆக வேண்டிய கட்டாயம் வந்தது. அப்போது நடந்ததை எங்கள் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன!

தங்க வயலுக்குக் கரண்டு வராத காலம் அது. மிஷன் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் வகுப்புக்கு டீச்சர் வேலை காலியாக இருந்தது. கொடுப்பதும் மறுப்பதும் உபதேசியார் கையில். கிடைக்காவிட்டால் அம்மாவோடு சுரங்கத்து மேட்டில் கல் பொறுக்கப் போக வேண்டியதுதான். அந்தக் கிறிஸ்மஸுக்கு உபதேசியார் ஒரு நாடகம் எழுதினார். கப்பல் உடைந்து மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும் தீவில் ஒதுங்குகிறார்கள். பெண் வேஷத்துக்கு ஒரு பெண்ணையே போடுவது என்று துணிந்து என்னைக் கூப்பிட்டார்.

"எஸ்தர், அடக்கமாக நடித்துக் காட்டு. வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றார்.

என் வசனம் மொத்தமும் "ஐயோ, நான் என் செய்வேன்!" என்பதுதான். சொல்லிவிட்டு விழ வேண்டும். ஆண்கள் குடிசை கட்டுவார்கள், நெருப்பு மூட்டுவார்கள், புலி அடிப்பார்கள். (நடுக்கடல் தீவுக்குப் புலி எப்படி வந்தது என்று கேட்டேன். "நீ மயக்கத்தில் இருப்பாய், உனக்கெதற்கு?" என்றார்.) கேப்டன் வேஷம் ஸ்டோர் குமாஸ்தா சாமுவேலுக்கு. ஒத்திகையில் அவர் ஒரு பெட்டி நெருப்புக்குச்சியைக் கிழித்துத் தீர்த்தும் சுள்ளி பற்றவில்லை. தினமும் அடுப்பு மூட்டுகிற நான் பக்கத்தில் மயங்கிக் கிடந்து பல்லைக் கடித்தேன்.

எங்களில் யாருமே கடலைப் பார்த்ததில்லை. அம்மாவின் நீலப் புடவையையும் பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவின் நீலப் புடவையையும் சேர்த்து முடிந்தோம். ஆளுக்கொரு முனை பிடித்து ஆட்டினால் அதுதான் கடல். கப்பல் மணிக்கு ஒத்திகையில் தாம்பாளத்தைத் தட்டினார்கள். நாடகத்தன்று, தத்ரூபமாக இருக்கட்டுமே என்று, மூடிப்போன ஒரு சுரங்கக் குழியில், அதாவது ஷாப்டில், கழற்றிப் போட்டிருந்த மணியை உபதேசியார் கேட்டு வாங்கி வந்துவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் வேலூரிலிருந்து புதிதாக வந்தவர். ஷாப்ட் மணி விடாமல் அடித்தால் கீழே பாறை சரிந்திருக்கிறது என்று அர்த்தம். லைனில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

சாயங்காலம், பந்தல் நிறையக் கூட்டம். கடல் கொந்தளித்தது. பந்தலுக்கு வெளியே மணி விடாமல் அடித்தது.

என் நைனா அந்த ஷிப்டில் கீழே இருந்தார்.

எனக்குக் கப்பலாவது, தீவாவது! மேடையிலிருந்து குதித்தேன். அதற்குள் பந்தலில் இருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். இடுப்பில் பிள்ளையோடு, வாயில் வெற்றிலையோடு, அத்தனை பேரும் ஷாப்டைப் பார்த்து ஓடினோம். தலைவிரி கோலமும் முகம் நிறைய ரோஸ் பவுடருமாக நான் முன்னால் ஓடினேன். காலில் மாட்டிய கடல் பின்னால் இழுபட்டு வந்தது.

ஷாப்டில் ஒன்றுமே நடக்கவில்லை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டு சாவதானமாக மேலே வந்தது. ஷிப்ட் முடித்தவர்கள் இறங்கினார்கள். நைனாவும் இறங்கினார், முழுசாக. அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"இன்னாடி இது கோலம்? இன்னா ஆச்சு?"

மூச்சு வாங்கியதில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "கப்பல் முழுகிப் போச்சு நைனா!"

பின்னால் வந்தவர், சுரங்கத்தில் ஏதோ ஒரு தட்டில் தண்ணீர் புகுந்துவிட்டதென்று பதறிப்போய், "எந்த லெவல்லம்மா?" என்றார்.

இதற்குள் உபதேசியார் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார். "நீ ஒழுங்காக மயக்கம் போட்டிருந்தால் கூட்டம் கலைந்திருக்குமா? அடக்கமாக விழத் தெரியாதவள் பிள்ளைகளுக்கு என்ன அடக்கம் சொல்லிக் கொடுப்பாய்? உனக்கு வேலை கிடையாது, போ!"

மறுபடி அழுகை முட்டியது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது. "ஐயா, இந்த மணி அடிச்சா மயக்கம் போட்டு வுழுற பொம்பளை இங்க யாரு கீறா? ஒருத்தியக் காட்டுங்க. நான் இப்பவே வுழுறேன்."

போன வருஷம் இதே ஷாப்டில் புருஷனைப் பறிகொடுத்த முனியம்மா அக்கா முன்னால் வந்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு போன அன்னிக்கு நான் மயக்கம் போட்டிருந்தா, கடைசியா அவரு மூஞ்சியக்கூடப் பாத்திருக்க மாட்டேன் சாமி. எம் புள்ளைங்களுக்கு இந்தப் பொண்ணு சொல்லிக் குடுக்கட்டும். இல்லாங்காட்டி எங்க ஊட்டுப் புள்ளைங்க உங்க பள்ளிக்கூடத்துக்கு வராது."

"எங்க ஊட்டுதும் வராது" என்று அம்மா சொன்னாள். அடுத்து ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

"முதலில் நாடகத்தை முடிப்போம், வாருங்கள்" என்றார் உபதேசியார், குரல் இறங்கி.

திரும்பிப் போனால், மேடையில் கேப்டன் மல்லாந்து கிடக்கிறார். நடிப்பில்லை, நிஜ மயக்கம். மணிச் சத்தம் கேட்டதும் விழுந்தவராம்.

"ஐயா, எவ்ளோ அடக்கமா வுழுந்து கீறாரு பாருங்க" என்றேன். "அந்த வேலைய இவருக்கே குடுத்துடுங்க."

பந்தலே சிரித்தது. கேப்டன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த உபதேசியாருக்கும் அடக்க முடியவில்லை. மிச்ச நாடகத்தில் குடிசை கட்டியதும் நெருப்பு மூட்டியதும் நான். புலியையும் நானே அடித்தேன். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குக் குழந்தைகள் வகுப்பில் டீச்சர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

கேப்டனைத்தான் பிறகு கல்யாணம் பண்ணிக்கொண்டேன். அவருக்கு இன்றுவரை நெருப்பு மூட்ட வரவில்லை. அடுப்பை நான் பற்றவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன், கஞ்சியை அவர் காய்ச்சுவார். வீட்டில் பிள்ளை கீழே விழுந்தாலும் சரி, கூரை ஒழுகினாலும் சரி, மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒன்றுதான் சொல்வார்:

"எஸ்தரு, மணி அடிக்குது. நீ ஓடு, நான் வுழுறேன்."