தெப்பத்தின் சிவப்புக் கோடு

உலகில் கொழுத்துக் கெட்ட நாடுகள் பல உண்டு. மிதவை நாடு இளைத்துக் கெட்டது.

நாற்புறமும் ஆறு சூழ்ந்த அந்தத் தீவு, குடிகளின் கனம் தாங்காமல் அமிழப் போகிறது என்று அரண்மனைச் சோதிடர் சொன்னார். மன்னர் நம்பினார். ஆளுக்கு நாளைக்கு நான்கு பிடி என்றிருந்த அரிசி மூன்று பிடியானது. நாட்டின் எடை குறைகிறதா என்று பார்க்க ஒரு முறையும் வகுத்தார்கள். அமாவாசைதோறும் காலையில் மன்னரும் அமைச்சர்களும் பெரிய தெப்பத்தில் அமர்வார்கள். குடிகளில் பாதிப் பேர் அவர்களோடு ஏறிக்கொள்ள, மீதிப் பேர் கரையில் நின்று வடம் பிடிப்பார்கள். தெப்பத்தின் பக்கவாட்டில் இருந்த சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேல் எவ்வளவு தெரிகிறது என்று விரல் வைத்து அளப்பது சடையாண்டியின் வேலை. மார்பளவு நீரில் நின்று அளப்பான்.

முதல் இரண்டு மாதத்தில் கோடு நான்கு விரல் ஏறியது. விழா எடுத்தார்கள். மூன்றாம் மாதம் அது அசையவில்லை.

"உடம்பு பழகிவிட்டது, மன்னா," என்றார் அன்ன அமைச்சர். "பழகிய உடம்புக்குத் திமிர் அதிகம். இன்னொரு பிடி குறைத்தால் வழிக்கு வரும்."

அரண்மனை வைத்தியர் எழுந்தார். "குறைக்கக் குறைக்க உடம்பும் சிக்கனம் பிடிக்கும், மன்னா. ஒரு மாதம் வயிறாரப் போட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம்."

அவருக்கு அன்றே ஓய்வு கொடுக்கப்பட்டது.

குறைத்த அரிசி அரண்மனைக் களஞ்சியத்துக்குப் போனது. புழுத்துவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியோடு அமைச்சர்கள் தங்களால் ஆனமட்டும் அதைத் தின்றார்கள். பாவம், அவர்களும் எவ்வளவுதான் தின்பார்கள்! நான்காம் மாதமும் கோடு அசையவில்லை. குடிகளுக்கு இனி ஒரே பிடி என்று முரசறைந்தார்கள்.

சடையாண்டியின் மனைவி பேச்சாயி ஏழு மாதக் கர்ப்பிணி. ஐந்தாம் அமாவாசைக்கு முதல் நாள் அவள் கேட்டாள்: "ஏங்க, நாளைக்குக் கோடு ரெண்டு விரல் ஏறிருச்சுன்னு சொல்லிப்புடுங்களேன். உள்ள இருக்கறது காலையிலேருந்து உதைக்கல."

"பொய் சொன்னா விரலை எடுத்துருவாங்க, புள்ள," என்றான் சடையாண்டி. தன்னுடைய ஒரு பிடியையும் அவள் பக்கம் தள்ளிவைத்தான். அவனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் தெப்பத்தில் ஏறக் குடிகள் யாருக்கும் காலில் பலமில்லை. எல்லோரும் கரையில் உட்கார்ந்தபடியே வடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மன்னரும் அமைச்சர்களும் மட்டும் மிதந்தார்கள். சடையாண்டி குனிந்து பார்த்தான்.

"கோடு முழுகிப் போச்சு, மன்னா. தெப்பத்துல நீங்க மட்டுந்தான் இருக்கீங்க."

அன்ன அமைச்சர் நெடுநேரம் சிந்தித்தார். "இது வராதவர்களின் கனம். அவர்களுடைய கடைசிப் பிடியும் இன்றோடு நிறுத்தப்படுகிறது."

மன்னர் தலையசைத்தார். "சரி, எங்களைக் கரைக்கு இழுங்கள்."

அன்று ஆற்றில் இழுப்பு அதிகம். குடிகளில் ஒருவர்கூடக் கலகம் செய்யவில்லை, வேண்டுமென்றே வடத்தை விடவும் இல்லை. ஒரு பிடி அரிசியால் எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தார்கள். வடம் கைகளிலிருந்து நழுவியது. "இன்னும் கொஞ்சம் முயற்சி வேண்டும்," என்ற அமைச்சரின் குரல், தெப்பம் ஆற்று வளைவில் மறையும்வரை கேட்டது.

களஞ்சியத்தைத் திறந்து உலை வைத்தார்கள். சடையாண்டி சோற்றைப் பிசைந்து பேச்சாயிக்குக் கொடுத்தான். மூன்றாவது கவளத்தில் அவள் அவன் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே உதைத்தது.

"இன்னும் போடுங்க," என்றாள்.