குடைக்கம்பிக்கு மசிந்த பூட்டு

பூட்டு திறந்துகொண்ட சத்தத்தைவிட, பின்னால் யாரோ தூக்குவாளியை நழுவவிட்ட சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

இளையபெருமாள் கையிலிருந்த குடைக்கம்பியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு திரும்பினார். முப்பது வயதிருக்கும் ஒரு பெண் நின்றிருந்தாள். கீழே கொட்டிய மோரை அவள் பார்க்கவே இல்லை. பூட்டைத்தான் பார்த்தாள்.

"தொறந்துடுச்சா?"

"தொறந்துதான் கெடக்குதும்மா," என்றார், தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதவர் போல.

"அது மேகலா பூட்டுங்க. நான்தான் மேகலா. என் வூட்டுக்காரருக்காக மூணு வருசத்துக்கு முந்தி போட்டது." அவள் பூட்டிலிருந்து இரண்டடி விலகினாள். "அப்ப அவரு வந்துடுவாரு."

இளையபெருமாள் திருடர் அல்ல. பெரம்பலூர்ப் பள்ளியொன்றில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாவியில்லாமல் ஒரு பூட்டு 'டக்' என்று வாய் திறந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அதற்கான கருவி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பவர்களைப் பார்த்துச் சிரிப்பார். குடை ரிப்பேர்க்காரரிடம் ஒடிந்த கம்பி, சைக்கிள் கடையில் பழைய ஸ்போக்ஸ், வெல்டிங் பட்டறையில் தேய்ந்த ஆக்சா பிளேடு. சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. மனைவி பொன்னம்மாளின் கொண்டை ஊசிகள் போன வருஷமே தீர்ந்துவிட்டன. அவர் தெருவில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் பழக்கமே ஒழிந்துவிட்டது.

"இனி இந்தத் தெருவுல ஒரு பூட்டுல கைய வச்சீங்க, கம்பியெல்லாம் பழைய இரும்புக்குப் போட்ருவேன்," என்று பொன்னம்மாள் சொல்லிவிட்டாள்.

அதனால்தான் வண்டியை எடுத்துக்கொண்டு விக்கிரமங்கலத்தைத் தாண்டி, ஏரிக்கரையிலிருந்த இந்த முனியப்பன் மரத்துக்கு வந்தார். மரத்தைச் சுற்றிய சங்கிலியில் மூவாயிரம் பூட்டுகள். முந்நூறுதான் என்று சிலர் சொல்வார்கள், அவர்களுக்கு எண்ணத் தெரியாது. எங்கோ ஓர் ஊரில் பூட்டுப் போட்டு வேண்டிக்கொள்வதையும், வேண்டுதல் பலித்தால் பூட்டு திறந்துகொள்வதையும் ஃபோனில் பார்த்திருந்தார். இங்கும் அதேதான் என்று தீர்மானித்துவிட்டார். கேட்டுத் தெளிய ஆளில்லை. பூசாரி அமாவாசைக்கு மட்டும்தான் வருவார்.

உச்சிவெயில். ஒரு காக்கையும் இல்லை. ஓர் இலையும் அசையவில்லை. ஆனாலும் பூட்டுகள் ஒன்றோடொன்று மெல்ல உரசிக்கொண்டிருந்தன.

"ஓசூரு கம்பெனியில வேல கெடச்சிருக்குங்க," என்றாள் மேகலா. "வெள்ளிக்கெழம போயி சேரணும். இனி எங்க போறது. அவரு வுடமாட்டாரு."

கணவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று இளையபெருமாள் கேட்கவில்லை. மடியில் கம்பி இருப்பவனுக்குக் கேள்வி கேட்கும் தெம்பு ஏது? வராத புருஷனை நம்பி வந்த வேலையை விடப்போகிறாளே, அதுவும் தன் குடைக்கம்பியால், என்று தன்னையே நொந்துகொண்டார்.

மறுநாள் புதன். உச்சிவேளையில் வந்து பூட்டை அழுத்திப் பூட்டினார். பூட்டிக்கொண்டது. பத்தடி நடந்திருப்பார். மரம் முழுக்க ஒருமுறை கிலுங்கியது. திரும்பினால் பூட்டு வாயைப் பிளந்து தொங்கியது.

'ஸ்பிரிங்கு போச்சு,' என்று சொல்லிக்கொண்டார். சொன்ன குரல் தன்னுடையதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

நேரே அரியலூர் போய், அதே அளவில் புதுப் பூட்டு வாங்கிவந்து, பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினார். சாவியை ஏரியில் எறிந்தார். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

வியாழனன்று அவர் போனபோது மேகலா மரத்தடியில் காத்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"பூட்ட மாத்திட்டாருங்க. அவரு வேலதான் இது."

"வேற யாராச்சும் மாத்தியிருப்பாங்கம்மா. நீ பையக் கட்டிட்டு ஓசூருக்குக் கெளம்பு."

"நேத்திலேர்ந்து வாசல்ல அவரு பீடி வாசம் அடிக்குதுங்க. கொல்லப்பக்கம் போனா அங்கயும் அடிக்குது."

ஆசை வந்தால் மூக்குக்கூடப் பொய் சொல்லும் போலிருக்கிறது என்று இளையபெருமாள் உருகிப்போனார். அன்று அவருக்கு மூன்று தோசைக்குமேல் இறங்கவில்லை.

"யாரு வூட்டுப் பூட்டு?" என்றாள் பொன்னம்மாள், முகத்தைப் பார்த்ததுமே.

"முனியப்பன் பூட்டு."

"அங்கயும் போயாச்சா. உண்மைய அந்தப் புள்ளக்கிட்ட சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் சட்னி கெடையாது."

வெள்ளிக்கிழமை அமாவாசை. விடிந்ததும் கிளம்பி, விசாரித்துக்கொண்டு மேகலா வீட்டுக்குப் போனார். ஒத்தை வீடு. கட்டிய பை வாசலில் கிடந்தது. அதன் பக்கத்தில் வாட்டசாட்டமாக ஓர் ஆள். தார் ரோட்டில் வெறுங்காலோடு வந்திருப்பான் போல. ஆனால் பாதம் அப்படியொரு சுத்தம்.

"மேகலா வூட்டுக்காரருங்களா?"

"ராஜேஷுங்க," என்றான் அவன். "நீங்கதான தொறந்து வுட்டது? ரொம்ப நன்றிங்க சார். உள்ள கெடந்து புழுங்கிப்போயிட்டேன்."

ஏதோ ஹாஸ்டலைச் சொல்கிறான் என்று இளையபெருமாள் நினைத்துக்கொண்டார். உள்ளே மேகலா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் அவன்மேலேயே குத்திட்டு நின்றது. மூன்று வருஷப் பிரிவு அல்லவா, பேச்சு வருமா?

"அப்ப ஓசூரு?" என்றார்.

"எதுக்குங்க ஓசூரு. நான்தான் வந்துட்டனே," என்றான் ராஜேஷ், பையைக் காலால் வீட்டுக்குள் தள்ளியபடி.

இளையபெருமாளுக்கு வண்டி தரையில் ஓடவில்லை. ஏரிக்கரை வரைக்கும் பறந்தது. மரத்தடியில் பூசாரி மதுரைவீரன் சூடத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பூசாரி, உங்க முனியப்பனும் நானுமா சேந்து ஒரு குடும்பத்த ஒண்ணு சேத்துட்டோம். மேகலா புருசன் வந்துட்டாரு. அந்தப் பூட்டத் தொறந்தது இந்தக் கைதான்."

தட்டைத் துடைத்த மதுரைவீரனின் கை நின்றது. சங்கிலியில் தொங்கிய புதுப் பூட்டைப் பார்த்தார். பிறகு இளையபெருமாளைப் பார்த்தார்.

"அவன் சுண்ணாம்புக்கல்லு லாரியில அடிபட்டு செத்து மூணு வருசமாவுது சார். செத்தும் வூட்டுக்கு வந்து அடிக்கிறான்னு அந்தப் புள்ள அழுதுச்சு, நான்தான் இங்க கொண்டாந்து பூட்டுனேன்."